ஆறு பவுண்டு பதின்மூன்று அவுன்ஸ்: ஒரு தூண்டில் பூச்சியின் கதை

தூண்டில் என்றால் நம் ஊரில் மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, முள், முள்ளில் நெளியும் மண்புழு. அவ்வளவுதான். ஏரிக்கரையில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் குழம்புக்கு ஆகிவிடும். ஆனால் உலகத்தின் சில மூலைகளில், புழு குத்தி மீன் பிடிப்பதை, அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்த்து ஜெயிப்பது போலக் கருதும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் முள்ளின் மேல் இறகு, முடி, பட்டு நூல், ஜரிகை எல்லாம் வைத்துக் கட்டி, அதைப் பூச்சி என்று மீனை நம்பவைத்துப் பிடிப்பார்கள். இந்தப் போலிப் பூச்சிக்குப் பெயர் 'ஃப்ளை'. கட்டுவது ஒரு தனிக் கலை. அதற்கென்று புத்தகங்கள், சங்கங்கள், சண்டைகள் எல்லாம் உண்டு.

இந்தக் கூட்டம் பயன்படுத்தும் தூண்டிலின் இயக்கமே வேறு. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டு முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். இறகுப் பூச்சிக்கு எடையே கிடையாது. எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் நரம்பையே கனமாகச் செய்துவிட்டார்கள். கம்பை முன்னும் பின்னும் வீசி, சாட்டை மாதிரி அந்த நரம்பைக் காற்றில் சுருட்டி விட்டால், அது விரியும்போது நுனியில் இருக்கும் பூச்சியும் கூடவே போய் மெதுவாகத் தண்ணீரில் இறங்கும். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். செய்து பார்த்தால் முதல் நாள் பூச்சி மரத்தில்தான் மாட்டும் :-)

ஃப்ளை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல ஜாதி. தண்ணீர் மேல் மிதப்பது உண்டு, மூழ்கிப் போவது உண்டு. இவற்றில் ஸ்ட்ரீமர் என்று ஒன்று, பெயர்தான் பூச்சி, வேடமோ மீன். நீண்ட முள்ளின் முதுகோடு நீளமான இறகுகளைக் கட்டி, தண்ணீருக்குள் விட்டு விட்டு விட்டு இழுத்தால் அசல் குட்டி மீன் ஓடுவது போலவே இருக்கும். பெரிய மீன்கள் கொசு, ஈசல் தின்று வயிறு நிரப்ப முடியாது. அவற்றுக்குத் தேவை சின்ன மீன். எனவே பெரிய மீன் வேண்டும் என்பவர்கள் ஸ்ட்ரீமரைத் தேடிப் போவார்கள்.

உலகத்தில் மிகப் பிரபலமான ஸ்ட்ரீமருக்கு 'கிரே கோஸ்ட்' என்று பெயர். சாம்பல் பேய்! அதைக் கட்டியவர் மீனவரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. தொப்பி தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. அந்தப் பேயின் கன்னத்தில் இருக்கும் இறகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிந்த ஒரு பறவையுடையது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் கதைக்கு வருவோம்.

இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெயின் மாநிலம். அங்கே ரேஞ்ச்லி என்ற ஊரைச் சுற்றி வரிசையாக ஏரிகள். அதில் ஒரு ஏரியின் பெயர் மூஸ்லுக்மெகண்டிக். வாய்க்குள் நுழையாது, பரவாயில்லை. அங்கிருந்த பழங்குடி மக்களின் மொழிப் பெயர் அது. அந்த ஏரியின் தண்ணீர் ரிச்சர்ட்சன் ஏரிக்கு இறங்கும் இடத்தில் மரம் வெட்டும் தொழிலுக்காக ஓர் அணை கட்டியிருந்தார்கள். காட்டில் வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு, வேண்டும்போது தண்ணீரைத் திறந்து கீழே தள்ளுவதற்கான அணை. அதற்கு அப்பர் டாம் என்று பெயர். அணைக்குக் கீழே நுரைத்து நிற்கும் மடுவில் பெரிய மீன்கள் கூடும். மேலிருந்து மதகு வழியாக அடித்துக்கொண்டு வரும் சின்ன மீன்கள் மயங்கிப்போய் விழும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், இலவசச் சாப்பாடு.

அந்த ஏரிகளின் புகழ் புரூக் ட்ரௌட் என்ற மீனால் வந்தது. (ஊட்டிக்கு மேலே அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே, அந்த வானவில் ட்ரௌட்டுக்கு இது தூரத்துச் சொந்தம்.) மற்ற ஊர்களில் ஒரு பவுண்டு தேறினாலே பெரிசு என்று கொண்டாடும் இந்த மீன், ரேஞ்ச்லியில் ஏழெட்டுப் பவுண்டு வரை வளர்ந்தது. 1860களில் நியூயார்க் பணக்காரர்கள் கேள்விப்பட்டு முதலில் நம்பவில்லை, பிறகு நேரில் பார்த்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். விடுதிகள் முளைத்தன. உள்ளூர்க்காரர்களுக்கு 'கைடு' என்ற புதிய வேலை கிடைத்தது. படகு தள்ளுவது, மீன் இருக்கும் இடம் காட்டுவது, பிடித்ததைச் சுட்டுக் கொடுப்பது எல்லாம் கைடு பொறுப்பு.

அவ்வளவு பெரிசாக வளர என்ன காரணம்? சாப்பாடுதான். ப்ளூபேக் என்று ஒரு சின்ன மீன் அந்த ஏரிகளில் கோடிக்கணக்கில் இருந்தது. அதைத் தின்றே ட்ரௌட் கொழுத்தது. மனிதன் சும்மா இருப்பானா? 1870களில் சால்மன் மீனைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். அதற்கு இரை பற்றாது என்று 1890களில் ஸ்மெல்ட் என்ற வெள்ளி நிற ஒல்லி மீனையும் கொண்டுவந்து விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில வருடங்களில் ப்ளூபேக் அந்த ஏரிகளிலிருந்து ஒரேயடியாக மறைந்துபோனது. மீதம் இருந்த பெரிய மீன்களின் முக்கிய உணவு ஸ்மெல்ட் என்றானது.

ஸ்ட்ரீமர் கதைக்கு இதுதான் அடிப்படை. அதுவரை இங்கிலாந்து பாணியில் கட்டிய சின்னச் சின்ன வண்ணப் பூச்சிகளை வைத்துத்தான் எல்லோரும் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீனின் சாப்பாடு மாறிவிட்டது, மனிதனின் பூச்சி மாறவில்லை. அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதுதான் கேள்வி. மெயினில் வேறு சிலரும் முயன்றிருக்கிறார்கள். கிராண்ட் லேக் ஸ்ட்ரீம் என்ற ஊரில் அலோன்சோ பேக்கன் என்ற கைடு, படகு மெத்தையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கோழி இறகை உருவி முள்ளில் கட்டினார், மீன் கடித்தது என்று ஒரு கதை உண்டு. மூஸ்லுக்மெகண்டிக் கரையிலேயே இருந்த ஹெர்ப் வெல்ச் என்ற கைடு, 1902-லேயே முதல் ஸ்ட்ரீமரைத் தான் கட்டியதாகச் சொல்லிக்கொண்டார். யார் முதல் என்ற சண்டை இட்லி எங்கே பிறந்தது என்பது மாதிரி. முடியவே முடியாது, விட்டுவிடுவோம்.

கேரி கெர்ட்ரூட் ஸ்டீவன்ஸ் 1882-ல் மெயின் மாநிலத்தின் வியன்னா என்ற சிற்றூரில் பிறந்தவர் (ஆஸ்திரியா வியன்னா இல்லை). தொழில், பெண்களுக்கான தொப்பி செய்வது. கணவர் வாலஸ் ஸ்டீவன்ஸ் ஒரு மீன்பிடி கைடு. இருவரும் அப்பர் டாம் பக்கத்திலேயே குடியிருந்தார்கள்.

தொப்பி செய்பவருக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அந்தக் காலத்துத் தொப்பி நாம் நினைக்கிற தொப்பி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பா, அமெரிக்காவில் பெண்கள் தொப்பியில் முழுப் பறவையையே பாடம் செய்து உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். கொக்கு இனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1896-ல் பாஸ்டன் நகரத்துச் சீமாட்டிகள் இருவர், ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால், தேநீர் விருந்து நடத்தியே மற்றப் பெண்களை இறகுத் தொப்பிக்கு எதிராகத் திரட்டினார்கள். மாசசூசெட்ஸ் ஆடுபன் சங்கம் அப்படிப் பிறந்தது. 1913-ல் அமெரிக்காவின் சுங்கச் சட்டம் காட்டுப் பறவை இறகு இறக்குமதியைத் தடுத்தது. 1918-ல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் உள்ளூர்ப் பறவைகளையும் காப்பாற்றியது.

இந்த வியாபாரத்தில் கை பழகியவர் என்றால், எந்த இறகு எப்படி வளையும், எது நனைந்தால் சுருங்கும், எதை எதோடு ஒட்டினால் பிரியாது, எந்த நிறத்தை எந்த நிறத்துக்கு மேல் வைத்தால் எடுக்கும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். பூச்சி கட்ட ஆரம்பிப்பவர்கள் வருடக்கணக்கில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கேரிக்கு அது முன்னமே தெரியும். தெரியாதது முள் மட்டும்.

முள்ளைக் கொண்டுவந்தவர் சார்லஸ் வீலர். கனெக்டிகட் மாநிலத்துக்காரர். நண்பர்கள் கூப்பிடும் பெயர் 'ஷாங்'. மரத்தில் வாத்து செதுக்குவதில் அமெரிக்காவிலேயே பேர் பெற்றவர். வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிட்டு அசல் வாத்துகளை ஏமாற்றுவார்களே, அந்த மர வாத்து. போலியைச் செய்து இயற்கையை ஏமாற்றுவதில் ஒரு நிபுணர் இன்னொருவரை அடையாளம் கண்டுகொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். வருடா வருடம் அப்பர் டாமுக்கு வந்துகொண்டிருந்த அவர்தான் 1920 வாக்கில் கேரிக்குப் பூச்சி கட்டும் ஆர்வத்தை ஊட்டியவர். அதற்கு மேல் பாடம் எதுவும் இல்லை. குரு கிடையாது, வகுப்பு கிடையாது.

பிறகு வந்தது 1924 ஜூலை 1. வீட்டு வேலை பாதியில் கிடக்கிறது. கேரி உட்கார்ந்து ஸ்மெல்ட் மீனை மனதில் வைத்துச் சாம்பல் இறகில் ஒரு ஸ்ட்ரீமர் கட்டுகிறார். கட்டியதைச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு அணைக்குக் கீழே போய் வீசுகிறார். மாட்டியது 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையுள்ள புரூக் ட்ரௌட். நம் கணக்கில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். நீளம் இரண்டடிக்கும் கொஞ்சம் கூட. ரேஞ்ச்லியின் பொற்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது செய்தி.

'ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்' என்ற பிரபல அமெரிக்கப் பத்திரிகை ஆண்டுதோறும் பெரிய மீன் போட்டி நடத்திவந்தது. கேரி தன் மீனைப் பதிவு செய்தார். அந்த ஆண்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு யாருக்கு என்று இன்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை! காரணம், பரிசை விட முக்கியமான ஒன்று பத்திரிகையில் வந்தது: மீனைப் பிடித்தவர் ஒரு பெண், அவர் தானே கட்டிய பூச்சியில் பிடித்தார் என்ற தகவல். காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம். பல ஊர்களிலிருந்து, 'அந்தப் பூச்சி எங்களுக்கும் வேண்டும்' என்று கடிதம் வர ஆரம்பித்தது. கேரி தொழிலுக்கு 'ரேஞ்ச்லி ஃபேவரிட்' என்று பெயர் வைத்து, அட்டையில் பூச்சியைக் குத்தி விற்றார். கணவர் கூட்டிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்கள் நேரடி விற்பனை, மற்றவர்கள் தபால் விற்பனை. மார்க்கெட்டிங் பாடத்தில் சொல்லும் எல்லாமே ஒரு காட்டு வீட்டின் மேசையில் நடந்திருக்கிறது.

சரி, ஒரு ஸ்ட்ரீமர் கட்டுவது எப்படி? கிரே கோஸ்ட்டில் யாரும் ஆரம்பிப்பதில்லை. புதிதாகக் கற்பவருக்கு வழக்கமாகக் கொடுப்பது 'மிக்கி ஃபின்' என்ற எளிய வகை. இறகே வேண்டாம், மான் வால் முடி போதும் (முடியில் கட்டுவதை பக்டெயில் என்று தனியாகச் சொல்பவர்களும் உண்டு). ஜான் ஆல்டன் நைட் என்ற எழுத்தாளர் 1930களில் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதும் கடைகளில் தட்டுப்பாடு ஏற்படும் அளவுக்கு விற்றது. மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று அடுக்கு முடி, கீழே வெள்ளி ஜரிகை சுற்றிய உடல். அவ்வளவுதான்.

முதலில் முள்ளை ஓர் இடுக்கியில் மாட்ட வேண்டும். தண்டு நீளமான முள்ளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டி மீனுக்கு உடம்பு வராது. முள்ளின் அளவு எண் ஒரு வேடிக்கை: எண் கூடக் கூட முள் சின்னதாகும். மின்கம்பியின் கேஜ் மாதிரியேதான். தண்டு முழுக்க நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் போடுவது முதல் படி. வழுவழுப்பான இரும்பில் எதுவும் நிற்காது. நூலின் மேல் கட்டினால்தான் நிற்கும். பிறகு ஜரிகையை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படியவைத்துச் சுற்றுவது. அடித்தளத்தில் ஒரு மேடு இருந்தால் போதும், ஜரிகை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து முடி. இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சறுக்குவார்கள். கையில் பார்க்கும்போது கொஞ்சமாகத் தெரிகிறதே என்று இன்னும் நாலு முடி, இன்னும் நாலு முடி என்று சேர்த்து, கடைசியில் பெயின்ட் பிரஷ் மாதிரி ஒன்று வரும். தண்ணீரில் அது மீனாகத் தெரியாது, துடைப்பமாகத்தான் தெரியும். தீக்குச்சி கனம்கூட வேண்டாம். இன்னொரு சிக்கல், மான் முடி அடிப்பக்கத்தில் உள்ளீடற்றது. நூலை இறுக்கினால் விரிந்து பூ மாதிரி நிற்கும். இறுக்காமல் விட்டால் ஒவ்வொன்றாக உருவி வரும். முதல் இரண்டு சுற்றை மென்மையாக வைத்து, அடுத்தடுத்த சுற்றில் இழுத்து இறுக்கி, வெட்டும் இடத்தைச் சாய்வாக வெட்டி, துளி பசை வைத்தால் நிற்கும். நீளமும் கவனிக்க வேண்டும். முள்ளைத் தாண்டி ரொம்ப நீண்டுவிட்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும்.

கடைசியில் தலை. முள்ளின் முன்பக்கம் நரம்பு கட்டுவதற்கு ஒரு வளையம் இருக்கும். அதற்குப் பின்னால் இடம் விட வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் முதல் பக்கத்திலேயே சொல்லும். எல்லோரும் மறந்துவிடுவார்கள். உடலையும் முடியையும் வளையம் வரை நெருக்கிவிட்டு, தலை கட்ட இடம் இல்லாமல் வளையத்தையே நூலால் மூடி, அப்புறம் நரம்பு நுழையாமல் ஊசியால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலை சின்னதாக, கூம்பாக வந்து, அதன் மேல் வார்னிஷ் இரண்டு பூச்சு பூசினால் பூச்சி தயார்.

இது எளிய வகை. இப்போது கிரே கோஸ்ட்டைப் பாருங்கள். உடல் ஆரஞ்சு பட்டு நூல். விரல் சொரசொரப்பாக இருந்தால் பட்டு பிசிர் பிசிராகிவிடும். அதன் மேல் இடைவெளி விட்டு வெள்ளி ஜரிகை. அடியில் மயில் தோகை இழைகள் நாலைந்து, வெள்ளை மான் முடி, தங்க ஃபெசன்ட் என்ற சீனப் பறவையின் மஞ்சள் கொண்டை இறகு. முதுகில் இன்னொரு கொண்டை இறகு, அதை மூடி நான்கு சாம்பல் நிறச் சேவல் இறகுகள், பக்கத்துக்கு இரண்டாக. தோளில் வெள்ளி ஃபெசன்ட் இறகு. கன்னத்தில், மீனின் கண் போல, காட்டுக்கோழியின் கழுத்து இறகு. உலர்ந்திருக்கும்போது அலங்காரப் பொருள் மாதிரி இருக்கும். நனைந்ததும் நான்கு இறகும் ஒட்டி ஒரே மெல்லிய உடலாகி, உள்ளே இருக்கும் ஆரஞ்சும் வெள்ளியும் லேசாக மின்னும்.

இத்தனையையும் கேரி ஸ்டீவன்ஸ் இடுக்கி இல்லாமல், முள்ளை இடது கை விரல்களில் பிடித்துக்கொண்டே கட்டினார். சேவல் இறகு, தோள் இறகு, கன்ன இறகு மூன்றையும் முதலில் தனியாகப் பசை வைத்து ஒட்டி, வலம் ஒன்று இடம் ஒன்று என்று ஜோடி ஜோடியாகச் செய்து வைத்துக்கொள்வார். பிறகு முள்ளில் கட்டும்போது அந்த முழுத் துண்டையும் அப்படியே பக்கவாட்டில் பொருத்திவிடுவார். தொப்பிக் கடையில் அலங்காரத்தைத் தனியாகச் செய்து தொப்பியில் தைப்பது போலவேதான் இது. மற்றவர்கள் இறகுகளை முள்ளின் மேலேயே ஒவ்வொன்றாகக் கட்டித் திணறிக்கொண்டிருந்தபோது, இவர் பூச்சிகள் ஒன்று போல் ஒன்று இருந்ததற்கு இந்த முறையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அடுத்தவர் கண்ணெதிரே கட்ட மாட்டார் என்றும் சொல்வார்கள். வியாபாரி என்ற முறையில் அது சரிதான்.

ஏனென்றால் பூச்சியின் அமைப்பைப் பூட்டி வைக்க முடியாது. ஒன்றை வாங்கி நூலைப் பிரித்துப் பார்த்தால் எந்தக் கடைக்காரரும் நகல் செய்துவிடலாம். செய்தார்கள். கிரே கோஸ்ட் என்ற பெயரில் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் கட்டி விற்றார்கள். கேரியிடம் இருந்த ஒரே பாதுகாப்பு, தலையில் அவர் சுற்றிய ஒரு மெல்லிய வண்ணப் பட்டை. கறுப்பு நூல் தலையின் நடுவில் சிவப்பாக ஒரு கோடு. அதுதான் கையெழுத்து. இருந்தால் அசல், இல்லாவிட்டால் நகல் என்று வாடிக்கையாளர்கள் கற்றுக்கொண்டார்கள். நூறுக்கும் மேற்பட்ட வகைகளை அவர் உருவாக்கினார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் 'ஜெனரல் மெக்ஆர்தர்' என்ற பெயரில்கூட ஒன்று உண்டு.

இங்கே ஒரு விவகாரத்தையும் சொல்ல வேண்டும். 1924-ல் அந்தப் பெரிய மீனைப் பிடித்தது கிரே கோஸ்ட்தான் என்று பல காலம் எழுதி வந்தார்கள். இன்றும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. ஆனால் கிரேடன் ஹில்யார்ட், லெஸ்லி ஹில்யார்ட் இருவரும் கேரியைப் பற்றி 2000-ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு படம் மாறியது. அன்று முள்ளில் இருந்தது கிரே கோஸ்ட் இல்லை, 'ஷாங்ஸ் கோ-கெட்-எம்' என்ற இன்னொரு பூச்சி. ஷாங் வீலர் பெயரால் அமைந்தது. கிரே கோஸ்ட் பிறகு வந்தது. புகழ் பெற்ற பூச்சியும் புகழ் பெற்ற மீனும் ஒரே ஆளுடையவை என்பதால், மக்கள் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். கதையாகக் கேட்க அதுதான் நன்றாக இருக்கிறது, உண்மை கொஞ்சம் பின்தங்கிவிட்டது. ஆனாலும் உண்மைக் கதையில் வீலருக்கு உரிய இடம் கிடைக்கிறது. முதல் வெற்றிக்குக் கேரி தன் பெயரை வைக்காமல், முள்ளை அறிமுகம் செய்தவர் பெயரை வைத்திருக்கிறார்.

இப்போது அந்தக் கன்ன இறகுக்கு வருவோம். ஆங்கிலத் தூண்டில்காரர்கள் 'ஜங்கிள் காக்' என்று உருகும் பறவை, நம் சாம்பல் நிறக் காட்டுக்கோழி. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. நீலகிரி, ஆனைமலை, வயநாடு பக்கம் அதிகாலையில் காட்டுச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். இதன் அறிவியல் பெயரில் இருக்கும் 'சொன்னராட்டி' என்பது, பாண்டிச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளரின் பெயர். 1813-ல் டெம்மிங்க் என்ற டச்சுக்காரர் அந்தப் பெயரைச் சூட்டினார். நாட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தப் பறவையிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆக, நம் குழம்பிலும் இதற்குப் பங்கு உண்டு.

சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகுத் துளி சொட்டியது போல வெள்ளையும் மஞ்சளுமாகக் கெட்டியான ஒரு பொட்டு இருக்கும். தண்ணீரில் ஊறாது, மங்காது. மீன் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் இந்த இறகுகளை உதிர்த்துவிட்டுச் சில மாதம் சாதாரணக் கறுப்புக் கழுத்தோடு திரியும். ஆனால் இறகு வியாபாரிகள் உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருக்கவில்லை. கழுத்துத் தோலோடு உரித்து மூட்டை கட்டினார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய ஆடம்பரப் பூச்சிகளில் இது இல்லாத பூச்சியைத் தேடிப் பிடிக்க வேண்டும். காலனி நாட்டின் காட்டிலிருந்து எஜமான நாட்டின் ஆற்றுக்கு ஒரு சரக்குப் பாதை.

1902-ல் பிரிட்டிஷ் இந்திய அரசே காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சட்டம் இருந்தது, கடத்தலும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தியா ஏற்றுமதியைத் தடுத்து ஐம்பது வருடம் கழித்து, 1952-ல், அமெரிக்கா தன் சுங்கச் சட்டத்தைத் திருத்தி, தூண்டில் பூச்சி கட்டுவதற்காக மட்டும் ஆண்டுக்கு 5,000 சாம்பல் காட்டுக்கோழித் தோல்களை இறக்குமதி செய்ய அனுமதி தந்தது. ஒரே சரக்கு, ஒரு நாட்டுக் கணக்கில் குற்றம், இன்னொரு நாட்டுக் கணக்கில் கோட்டா. பெண்களின் தொப்பிக்காகப் பறவையைக் கொல்லாதே என்று சட்டம் போட்டவர்கள், ஆண்களின் பொழுதுபோக்குக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவையைக் காக்கிறது. இன்று வெளிநாட்டில் சட்டப்படி விற்பவை அங்கேயே பண்ணைகளில் வளர்த்த பறவைகளின் இறகுகள். விலை அதிகம் என்பதால் பிளாஸ்டிக்கிலும், சாதாரணக் கோழி இறகில் பொட்டு வரைந்தும் மாற்று வந்துவிட்டது. மீனுக்கு வித்தியாசம் தெரிவதாகத் தோன்றவில்லை. கட்டுபவர்களுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இந்த இறகு மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009-ல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் நடந்தது ஒரு சாட்சி. பூச்சி கட்டுவதில் வல்லவரான ஓர் இசைக் கல்லூரி மாணவர் இரவில் ஜன்னலை உடைத்து நுழைந்து, 299 அரிய பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்து எடுத்துக்கொண்டு போனார். அவற்றில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்தவையும் இருந்தன.

கேரி ஸ்டீவன்ஸுக்கு வருவோம். அவர் கிட்டத்தட்ட முப்பது வருடம் கட்டினார். கணவர் படகில் வாடிக்கையாளர்களைக் கூட்டிப்போக, இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டிக்கொடுத்தார். 1953-ல் தொழிலை நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த வெண்டல் ஃபோல்கின்ஸ் என்பவருக்கு விற்றார். விற்றதில் என்ன இருந்தது என்று யோசித்தால் சுவாரசியமாக இருக்கிறது. இயந்திரம் கிடையாது, ஏனென்றால் இடுக்கிகூட வைத்துக்கொள்ளாதவர். காப்புரிமை கிடையாது. பெயர், இறகு, வாடிக்கையாளர்கள், கட்டும் முறை. கணக்குப் பதிவியலில் நற்பெயர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவோமே, பெரும்பாலும் அதுதான் கைமாறியிருக்கும்.

1970-ல், 88-வது வயதில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ஐ மெயின் மாநில ஆளுநர் கென்னத் கர்ட்டிஸ் 'கேரி கெர்ட்ரூட் ஸ்டீவன்ஸ் தினம்' என்று அறிவித்தார். அப்பர் டாமில் அவர் பெயரில் வெண்கலப் பலகை ஒன்று வைத்தார்கள். அவர் கையால் கட்டிய பூச்சிகளைச் சேகரிப்பவர்கள் இன்று ஏலத்தில் போட்டி போடுகிறார்கள். வாங்கும் முன் பூதக்கண்ணாடி வைத்து முதலில் பார்ப்பது தலையில் அந்தச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்றுதான். வாங்கிய பிறகு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துவிடுகிறார்கள், தண்ணீரில் இறக்குவதில்லை.